கேட்டவருக்கும் பங்குண்டு

1986 கோடையில் ஓர் இரவு பதினொரு மணி. அமெரிக்க எழுத்தாளர் ஹோவர்ட் ரைன்கோல்டின் இரண்டு வயது மகள் தலையில் உண்ணி ஒன்று கடித்துக்கொண்டிருந்தது. ரத்தம் குடித்துப் புடைத்திருந்த அதை எப்படி எடுப்பது என்று பெற்றோருக்குத் தெரியவில்லை. மனைவி குழந்தை மருத்துவருக்குத் தொலைபேசியில் தகவல் சொல்லிவிட்டுக் காத்திருந்தார். கணவர் கணினி முன் உட்கார்ந்து, 'வெல்' என்ற உரையாடல் தளத்துக்குள் நுழைந்து விஷயத்தை எழுதினார். சில நிமிடங்களில் அங்கே ஒரு மருத்துவர் வழி சொன்னார். மருத்துவமனையிலிருந்து பதில் அழைப்பு வந்தபோது உண்ணியை எடுத்தாகிவிட்டது.

அந்தத் தளத்தை 1985-இல் ஸ்டூவர்ட் பிராண்டும் லாரி பிரில்லியன்ட்டும் தொடங்கியிருந்தார்கள். 'மெய்நிகர்ச் சமூகம்' என்ற தலைப்பில் ரைன்கோல்ட் 1993-இல் எழுதிய நூல், இணையத்தில் அனுபவப் பகிர்வு பற்றிய ஆய்வுகளுக்கு முன்னோடிகளில் ஒன்று. அந்தத் துறை பெரும்பாலும் சுற்றிவந்தது ஒரே வினாவைத்தான்: முகம் தெரியாத ஒருவருக்காகத் தன் நேரத்தைச் செலவிட்டு, காசு வாங்காமல், ஒருவர் ஏன் சொல்லிக்கொடுக்கிறார்? விடைகள் பல கிடைத்தன. ஆனால் சொன்னவரைத் துருவித் துருவிப் பார்த்த ஆய்வாளர்கள், கேட்டவரைப் பயனாளி என்ற கணக்கில் எழுதி ஒதுக்கிவிட்டார்கள். இந்தப் பகிர்வு தளர்ந்துவரும் இன்றைய நிலையைப் புரிந்துகொள்ள, அந்த ஒதுக்கப்பட்ட ஆளிடம் போகவேண்டியிருக்கிறது.

தெரியும், சொல்லத் தெரியாது

வேதியியலிலிருந்து தத்துவத்துக்கு வந்த ஹங்கேரியரான மைக்கேல் பொலானி, மனிதருக்குத் தெரிந்ததில் ஒரு பகுதியே அவர் வாய்க்கு எட்டும் என்று 1966-இல் விரிவாக வாதிட்டார். மாவு சரியாகப் புளித்திருப்பதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று பாட்டியிடம் கேட்டால், 'பார்த்தா தெரியாதா?' என்பார். அவருக்கு அது தெரியும். எதைப் பார்த்து என்று பிரித்துச் சொல்ல அதுவரை அவருக்கு அவசியம் வந்ததில்லை.

இதை ஒரு தொழிற்களத்தில் நேரில் பார்த்து எழுதியவர் மானிடவியலாளர் ஜூலியன் ஆர். ஜெராக்ஸ் நிறுவனத்தின் நகல் இயந்திரங்களைப் பழுதுபார்ப்பவர்களோடு 1980-களில் சுற்றினார். நிறுவனம் அவர்களுக்கு வழிகாட்டிக் கையேடு கொடுத்திருந்தது. இன்ன பிழைக்குறி வந்தால் இன்ன பாகத்தைச் சோதி என்று அதில் இருக்கும். உண்மையான கற்றல் சாப்பாட்டு மேசையிலும் இயந்திரத்தின் முன்னும் பேசிய பேச்சில் நடந்தது. பிழைக்குறி ஓரிடத்தைக் காட்ட, கோளாறு வேறிடத்தில் இருந்த ஓர் இயந்திரத்தின் முன் பழுதுபார்ப்பவரும் அவருக்கு மேலான நிபுணரும் மணிக்கணக்கில் நின்றார்கள். 'இதே மாதிரி முன்பு ஒன்று வந்ததே, அப்போது என்ன சத்தம் வந்தது?' என்று ஒருவர் கேட்க, மற்றவர் ஒரு கதை சொல்ல, அந்தக் கதை இன்னொன்றைக் கிளப்ப, கடைசியில் கோளாறு பிடிபட்டது. இருவரில் எவருக்கும் விடை முன்கூட்டித் தெரியாது. கேள்வியும் கதையும் மாறிமாறி வந்ததில் அது உருவானது. 1996-இல் வெளியான ஆரின் நூல் இந்தத் துறையில் இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது.

ஜெராக்ஸ் பிறகு 'யுரேகா' என்ற கணினித் தொகுப்பை உருவாக்கியது. ஒருவர் எழுதும் குறிப்பைச் சக தொழிலாளர்கள் சரிபார்த்த பிறகே அது தொகுப்பில் ஏறும். எழுதியவர் பெயரும் கூடவே நிற்கும். பெயர், சரிபார்ப்பு ஆகிய இரண்டும் பிற்கால இணையத் தளங்கள் பலவற்றின் அடித்தளமாயின.

சொல்பவரின் கணக்கு

இனி அந்தப் பழைய வினா. 1996-இல் கான்ஸ்டன்ட், ஸ்புரௌல், கீஸ்லர் மூவரும் ஒரு கணினி நிறுவனத்துக்குள் நடந்த உதவிப் பரிமாற்றத்தை ஆராய்ந்தார்கள். நேரில் சந்தித்திராத ஊழியர்கள்கூடப் பயனுள்ள தொழில்நுட்ப ஆலோசனை தந்ததை அவர்கள் காட்டினார்கள். 1999-இல் சமூகவியலாளர் பீட்டர் கொல்லாக் மூன்று காரணங்களை முன்வைத்தார். நாளை எனக்கும் யாராவது உதவுவார்கள் என்ற எதிர்பார்ப்பு ஒன்று. நாலு பேர் மதிப்பார்கள் என்பது இரண்டு. நம்மால் ஒரு காரியம் நடந்தது என்ற நிறைவு மூன்று. 2005-இல் வாஸ்கோவும் ஃபராஜும் வழக்கறிஞர்களின் இணையக் குழு ஒன்றை ஆராய்ந்தபோது, முதல் காரணம் அவ்வளவாக எடுபடவில்லை. தொழில்வட்டத்தில் நற்பெயர் கூடும் என்று கருதியவர்களும், சொல்வதற்குக் கையில் அனுபவம் இருந்தவர்களும், கைம்மாறு கிடைக்குமா என்று பார்க்காமலே எழுதினார்கள்.

இவற்றிலிருந்து விலகி நிற்கிறது கரீம் லகானியும் எரிக் வான் ஹிப்பெலும் 2003-இல் வெளியிட்ட ஆய்வு. 'அப்பாச்சி' என்ற வலைச்சேவை மென்பொருளைப் பயன்படுத்துவோர் ஒருவருக்கொருவர் உதவிக்கொண்ட களத்தை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். பதில் சொல்பவர்களின் உழைப்பில் 98 சதவீதம் மற்றவர்களின் கேள்விகளையும் விடைகளையும் படித்துத் தாங்கள் கற்றுக்கொள்வதிலேயே போயிற்று. மிஞ்சிய 2 சதவீதம்தான் பதில் எழுத ஆனது. விடை தெரிந்த கேள்வி கண்ணில் பட்டால் இரண்டு வரி எழுதிவிட்டு நகர்ந்தார்கள். தர்மச் செயல் என்று மற்றவர்கள் வியந்தது, இவர்கள் கணக்கில் படிப்பின் கிளைவிளைவு. அப்படியானால் அந்த வகுப்பில் பாடம் வைத்தவர் யார்? கேள்வி கேட்டவர்.

வாய் திறக்காமல் படித்துவிட்டுப் போகிறவர்களையும் இதோடு சேர்க்கவேண்டும். நூறு பேர் வந்தால் தொண்ணூறு பேர் படிக்க மட்டும் செய்வார்கள், ஒன்பது பேர் எப்போதாவது எழுதுவார்கள், ஒருவர்தான் ஓயாமல் எழுதுவார் என்று 2006-இல் யாக்கப் நீல்சன் ஒரு வாய்பாடு சொன்னார். ஓசியில் உண்பவர்கள் என்று இவர்களை ஏசுவது வழக்கம். மேற்கு ஆப்பிரிக்கத் தையற்காரர்களிடம் தொழில் பழகும் பையன்களைக் கவனித்த ஜீன் லேவ், எட்டியென் வெங்கரோடு சேர்ந்து 1991-இல் எழுதிய நூல் இதை வேறுவிதமாகப் பார்க்கச் சொல்கிறது. பையன் முதலில் பொத்தான் தைப்பான், ஓரம் மடிப்பான். துணி வெட்டுவது கடைசியில்தான். நம்மூர்க் கடையில் காஜா எடுக்கும் பையனும் இதே ஏணியில்தான் ஏறுகிறான். படித்துக்கொண்டிருப்பவர் விளிம்பில் நிற்கும் மாணவர். அவர் வாய் திறக்கும் முதல் தருணம், பெரும்பாலும் ஒரு கேள்வி.

கேள்வி செய்யும் வேலை

மாடித்தோட்டக்காரர்களின் இணையக் குழுக்களில் அடிக்கடி வரும் ஒரு புகாரைக் கிட்டப்போய்ப் பார்க்கலாம்: 'வெண்டைச் செடி மஞ்சளாகிறது, என்ன செய்ய?' அனுபவக் குறைவானவர்கள் உடனே மருந்து சொல்வார்கள்: வேப்பெண்ணெய், பஞ்சகவ்யா, மீன் அமிலம். கை பழகியவர் திருப்பிக் கேட்பார்: 'அடி இலையா, கொழுந்தா? நரம்பு மஞ்சளா, நரம்புக்கு இடையிலா?' அடி இலைகள் முதலில் வெளிறினால் தழைச்சத்துப் பற்றாக்குறை என்று சந்தேகிக்கலாம். கொழுந்தில் நரம்பு பச்சையாக இருக்க நடுப்பகுதி மட்டும் வெளுத்தால் இரும்புச்சத்து குறைவாக இருக்கலாம். நரம்புகளே மஞ்சள் வலையாகத் தெரிந்தால், அது வெள்ளை ஈ பரப்பும் மஞ்சள் நரம்புத் தேமல் நோய். அதற்கு மருந்து கிடையாது. செடியைப் பிடுங்கிப் போட்டு, ஈயைக் கட்டுப்படுத்தி, அடுத்த முறை நோய் தாங்கும் ரகமாக விதைக்கவேண்டியதுதான்.

கேட்டவர் மாடிக்குப் போய் இலையைத் திருப்பிப் பார்த்து வந்து சொல்லும் அந்த இரண்டு வரி இல்லாவிட்டால், சொன்னவரின் இருபது வருட அனுபவமும் பயன்படாது. மறுபடி கேட்கும்போது கேட்டவர் தன் நிலவரத்தைச் சேர்க்கிறார்: தொட்டியா தரையா, தென்னை நார்க்கழிவு எவ்வளவு, வெயில் எத்தனை மணி நேரம். 'எனக்குப் பலித்தது' என்ற ஒற்றை அனுபவத்துக்கு எல்லை வகுத்துக்கொடுப்பது இந்த நிலவரம்தான்.

பெரிய காரியங்களும் இப்படித் தொடங்கியிருக்கின்றன. 1991 ஆகஸ்ட் 25 அன்று ஹெல்சிங்கியில் 21 வயது மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், யூஸ்நெட் என்ற விவாதக் களத்தில், மினிக்ஸ் இயங்குதளம் பற்றிய குழுவில் ஒரு செய்தி போட்டார். பொழுதுபோக்காக ஓர் இயங்குதளம் எழுதுகிறேன், மினிக்ஸில் உங்களுக்கு எது பிடிக்கும், எது பிடிக்காது, என்ன வேண்டும் என்று விசாரித்தார். லினக்ஸ் என்ற அந்த இயங்குதளம் உலகத்துக்கு அறிமுகமானது ஒரு கேள்வியின் வடிவில்.

பன்னிரண்டு கேள்விகள்

அனுபவப் பகிர்வின் ஆபத்து தெரிந்ததே. பிழைத்தவர் பேசுவார், பிழைக்காதவர் பேச வரமாட்டார். இதற்கு எதிரான பாதுகாப்பும் கேள்வியிலிருந்தே வரமுடியும் என்று காட்டிய நிகழ்வு ஒன்று உண்டு.

ஏ.எல்.எஸ். என்பது உடலின் தசைகளை ஒவ்வொன்றாக முடக்கும் நரம்பு நோய். அந்த நோய் கண்ட ஸ்டீபன் ஹேவுட்டின் சகோதரர்கள் 2004-இல், நோயாளிகள் தங்கள் நிலையைப் பதிந்து ஒப்பிட்டுக்கொள்ள 'பேஷன்ட்ஸ் லைக் மீ' தளத்தைத் தொடங்கியவர்களில் அடங்குவர். 2008-இல் இத்தாலிய ஆய்வு ஒன்று லித்தியம் இந்நோயைத் தாமதப்படுத்துவதாக அறிவித்தது. ஆய்வுக்கு உட்பட்டவர்கள் 44 பேர், லித்தியம் எடுத்தவர்கள் 16 பேர். 15 மாதங்களில் அந்த 16 பேரில் ஒருவரும் இறக்கவில்லை என்றது அறிக்கை. பெரிய சோதனைகள் முடியும்வரை காத்திருக்க நோயாளிகளுக்கு அவகாசமில்லை. பலர் தங்கள் மருத்துவரிடம் கேட்டு வாங்கி லித்தியம் எடுக்கத் தொடங்கினார்கள்.

சாதாரண அரட்டைக் களமாக இருந்தால் வதந்தியும் நம்பிக்கையும் பெருகி அதோடு முடிந்திருக்கும். இந்தத் தளத்தில் எல்லோரும் ஒரே வகைக் கேள்விகளுக்குத் திரும்பத் திரும்பப் பதில் தந்துகொண்டிருந்தார்கள். பேச்சு தெளிவாக இருக்கிறதா, விழுங்க முடிகிறதா, எழுத முடிகிறதா, படுக்கையில் தானே புரள முடிகிறதா, படி ஏற முடிகிறதா என்று நீளும் 12 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். லித்தியம் எடுத்த 149 பேரை, அதேபோல நோய் முற்றிவந்த, லித்தியம் எடுக்காதவர்களோடு பொருத்திப் பார்த்தார்கள். 2011-இல் 'நேச்சர் பயோடெக்னாலஜி' இதழில் முடிவு வெளிவந்தது: லித்தியத்தால் பயன் இல்லை. பின்னர் முடிந்த மருத்துவச் சோதனைகளும் அதையே சொன்னன. மருந்தை நாமே எடுத்துப் பார்க்கலாம் என்பதற்கு இதைச் சான்றாக்கக் கூடாது. கேள்வி ஒழுங்காக இருந்தால், தனித்தனி அனுபவங்கள் தங்கள் நம்பிக்கையையே பொய்ப்பிக்கும் அளவுக்கு நேர்மையான சாட்சிகளாகும் என்பதே இதன் பாடம்.

தமிழில்

தமிழ் எழுத்து கணினித் திரையில் ஒழுங்காகத் தெரிவதற்குப் பின்னால் இப்படிப்பட்ட பேச்சு நிறைய நடந்திருக்கிறது. 1990-களில் ஆளுக்கோர் எழுத்துரு. சுவிட்சர்லாந்திலிருந்து கு. கல்யாணசுந்தரம் தந்த 'மயிலை', மலேசியாவிலிருந்து முத்து நெடுமாறனின் 'முரசு அஞ்சல்' என்று ஒவ்வொன்றும் தனிப் பாதை. ஒன்றில் தட்டியது மற்றொன்றில் புரியாத குறிகளாகத் தெரியும். சிட்னியிலிருந்து பாலா பிள்ளை நடத்திய தமிழ்.நெட் மின்னஞ்சல் குழுவில் உலகெங்குமிருந்து ஆட்கள் கூடினார்கள். 'எனக்குக் கட்டம்கட்டமாகத் தெரிகிறது' என்ற வகைப் புகார்கள்தான் பொதுக் குறியாக்கத்தின் தேவையை உறைக்க வைத்தன. மின்னஞ்சல் விவாதங்களின் வழியே 'திஸ்கி' குறியாக்கம் உருவானது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், தன்னார்வலர்களின் தட்டச்சு உழைப்பில் பழந்தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றியது.

2000-களின் தொடக்கத்தில் மரத்தடி, ராயர் காபி கிளப், அகத்தியர் போன்ற யாஹூ குழுக்கள் வந்தன. இலக்கியமும் சித்த மருத்துவமும் விசாப் புலம்பலும் ஒரே திண்ணையில் புரண்டன. யாஹூ 2019 டிசம்பரில் குழுக்களின் பழைய உள்ளடக்கத்தை நீக்கி, 2020 டிசம்பரில் சேவையையே மூடியது. எடுத்து வைத்தவர்களிடம் இருப்பது இருக்கிறது. மற்றது போயிற்று. இன்று அந்தப் பேச்சு வாட்ஸாப் குழுக்களில் நடக்கிறது. அங்கே நேற்று கேட்ட கேள்வி இன்று நூறு செய்திகளுக்குக் கீழே. வெளியில் இருப்பவர் தேடி எடுக்க வழியில்லை, அதனால் அதே கேள்வி மறுபடி முதலிலிருந்து.

கேள்வி ஒதுங்கும் காலம்

ஜெஃப் அட்வுட், ஜோயல் ஸ்போல்ஸ்கி இருவரும் 2008-இல் தொடங்கிய ஸ்டாக் ஓவர்ஃப்ளோ, நிரலாளர்களின் அனுபவத்தை உலகப் பொதுச்சொத்தாக்கியது. அங்கே மதிப்பெண்தான் நாணயம். ஒரு விடையை 'இதுதான் சரி' என்று கேட்டவர் ஏற்றால், சொன்னவருக்கு 15 புள்ளி, கேட்டவருக்கு 2. நல்ல கேள்விக்குக் கிடைத்த ஒவ்வோர் ஆதரவு வாக்குக்கும் நெடுநாள் 5 புள்ளிதான், விடைக்கு 10. புதியவரின் கேள்வியை 'ஏற்கெனவே கேட்டாயிற்று' என்று மூடுவதில் பழையவர்கள் கெட்டிக்காரர்களானார்கள். தளம் புதியவர்களை வரவேற்பதில்லை என்று நிறுவனமே 2018-இல் வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. 2019 நவம்பரில் கேள்விக்கும் 10 புள்ளி என்று திருத்தினார்கள். கேட்பதும் பங்களிப்புதான் என்பதைப் புரிந்துகொள்ள ஆண்டுகள் பல ஆயின.

மூன்று ஆண்டுகளில் சாட்ஜிபிடி வந்தது. அது எந்தக் கேள்விக்கும் முகம் சுளிப்பதில்லை. ஆறு மாதங்களுக்குள், இதேபோன்ற ரஷ்ய, சீனத் தளங்களோடு ஒப்பிட, ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் பதிவுகள் சுமார் 25 சதவீதம் சரிந்ததாக 2024-இல் 'பிஎன்ஏஎஸ் நெக்ஸஸ்' இதழில் வந்த ஆய்வு கணக்கிட்டது. அதே ஆண்டு மே மாதம் அந்தத் தளம், சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்தது. எங்கள் விடைகளை விற்கிறார்களே என்று சிலர் தங்கள் பதிவுகளை அழிக்கப் பார்க்க, அவர்களின் கணக்குகள் முடக்கப்பட்டன.

சண்டை முழுவதும் விடைகளின் உரிமை பற்றி நடந்தது. விடைகள் ஏற்கெனவே எழுதப்பட்டவை, படியெடுக்கப்பட்டவை. பொதுவெளியிலிருந்து இப்போது மறைவது கேள்வி. இயந்திரத்திடம் ஒருவர் கேட்பதை இன்னொருவர் பார்ப்பதில்லை. விளிம்பில் நின்று படிக்க ஒன்றுமில்லை. 'நரம்பா, நடுப்பகுதியா?' என்று கேட்கத் தெரிந்தவரை அந்தக் கேள்வி வந்து தட்டுவதில்லை. தன்னிடம் இருப்பதை அவரே அறியாத அனுபவம் அப்படியே கிடக்கும். நேற்றைய பேச்சிலிருந்து கற்ற இயந்திரத்துக்கு நாளைய நோய்க்கான பேச்சு எங்கிருந்து கிடைக்கும் என்பதும் இதே சிக்கலின் மறுபக்கம்.

குழு நடத்துகிறவர்கள் செய்யக்கூடியது அதிகம் செலவு பிடிக்காத வேலை. விடைகளை மட்டும் பொறுக்கித் தொகுக்காமல், கேள்வியையும் இடையில் வந்த குறுக்குக் கேள்விகளையும் சேர்த்துப் பொதுவில் தேடக்கூடியபடி வைக்கலாம். அதைவிட முக்கியம், கேட்டவர் பத்து நாள் கழித்துத் திரும்பி வந்து, 'சொன்னபடி செய்தேன், இப்படி ஆயிற்று' என்று எழுதுவதை வழக்கமாக்குவது. பெரும்பாலான உரையாடல்கள் நன்றியோடு நின்றுவிடுகின்றன, முடிவு தெரிவதில்லை. அந்தக் கடைசி வரி வராதவரை, சொன்னவரிடம் இருப்பது அவர் தோட்டத்தில் பலித்த ஒரு வித்தை மட்டுமே. அது வேறொரு மாடியில், வேறொரு வெயிலில் பலித்ததா இல்லையா என்று சொல்ல கேட்டவரை விட்டால் ஆளில்லை.