இரட்டைப் பட்டம், கூட்டுப் பட்டம்: யுஜிசி விதியை முன்வைத்துச் சில குறிப்புகள்

திருச்சி தில்லைநகரில் வெளிநாட்டுப் படிப்புக்கு வழி சொல்லும் அலுவலகங்கள் இப்போது கிராஸுக்கு ஒன்று என்கிற அளவுக்கு வந்துவிட்டன. அங்கே கொடுக்கும் வண்ணத் துண்டறிக்கைகளில் சமீப காலமாக அடிபடும் சொல் 'டூயல் டிகிரி'. இரண்டு வருஷம் படித்தால் இரண்டு முதுகலைப் பட்டம். ஒன்று இந்தியாவில், ஒன்று வெளிநாட்டில். பக்கத்திலேயே சின்ன எழுத்தில் 'ஜாயிண்ட் டிகிரி' என்று இன்னொன்றும் இருக்கும். அதில் ஒரு சான்றிதழ்தான். பெற்றோர் எதைக் கேட்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒன்றைவிட இரண்டு பெரிசு.

என் கட்சி இதற்கு நேரெதிர். ஒரே சான்றிதழ் தரும் கூட்டுப் பட்டம்தான் கல்வி என்ற அளவில் கனமான ஏற்பாடு. இரண்டு சான்றிதழ் தரும் இரட்டைப் பட்டம், நன்றாக நடந்தால்கூட, ஒரே உழைப்பை இரண்டு பேரேட்டில் வரவு வைப்பது. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதற்கு விதியையே எடுத்துப் பார்க்கலாம்.

அதற்கு முன்னால் ஒரு சொற்குழப்பம். நம் செய்தித்தாள்கள் 'இரட்டைப் பட்டம்' என்று மூன்று வேறு விஷயங்களை எழுதுகின்றன. ஐஐடியில் பி.டெக்., எம்.டெக். இரண்டையும் சேர்த்து ஐந்து வருஷத்தில் முடிப்பது ஒன்று. 2022 ஏப்ரலில் யுஜிசி அனுமதித்த, ஒரே சமயத்தில் இரண்டு தனிப் படிப்புகளில் சேர்ந்துகொள்வது இன்னொன்று. அதில் பட்டமும் இரண்டு, உழைப்பும் இரண்டு, அதனால் அதில் எனக்குச் சண்டை இல்லை. மூன்றாவதுதான் இந்தக் கட்டுரையின் பொருள்: அடுத்த மாதமே, 2022 மே மாதத்தில், யுஜிசி அறிவித்த இந்திய-வெளிநாட்டு நிறுவனக் கூட்டு விதிகள். ஏப்ரலில் ஒன்று, மே மாதத்தில் ஒன்று என்று வந்ததால் பலர் இரண்டையும் ஒன்றாகவே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

மே மாத விதியில் மூன்று வகை. ட்வின்னிங்கில் மாணவர் கொஞ்ச காலம் வெளியே போய்ப் படிக்கலாம். அங்கே பெறும் கிரெடிட் மொத்தத்தில் 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பட்டம் இந்திய நிறுவனத்துடையது மட்டும். ஜாயிண்டில் இரண்டு பக்கமும் தலா 30 சதவீதமாவது படித்திருக்க வேண்டும். இரண்டு நிறுவனமும் சேர்ந்து ஒரே சான்றிதழ் தரும். டூயலில் துறையும் ஒன்று, நிலையும் ஒன்று, பாடத்திட்டமும் சேர்ந்து போட்டதுதான். ஆனால் இரண்டு நிறுவனமும் தனித்தனியாக, ஒரே சமயத்தில் பட்டம் தரும். இதற்கு இந்தியப் பக்கம் குறைந்தது 30 சதவீதம் படித்திருக்க வேண்டும் என்கிறது விதி.

பிழைப்புக்கு நிரல் எழுதுகிறவன் என்பதால் எந்த விதியைப் படித்தாலும் எல்லைகளில் வைத்து ஓட்டிப் பார்ப்பது பழக்கம். 80 கிரெடிட் உள்ள இரண்டு வருஷப் படிப்பு என்று வைத்துக்கொள்வோம். கூட்டுப் பட்டமாக இருந்தால் எந்தப் பக்கமும் 24க்குக் கீழே இறங்க முடியாது. இரட்டைப் பட்டத்தில் இந்தியப் பக்கத்துக்கு 24 என்ற தரை இருக்கிறது. வெளிநாட்டுப் பக்கத்துக்கு அந்த வரியில் தரை இல்லை. அந்தப் பல்கலைக்கழகம் தன் சொந்த விதிப்படி என்ன கேட்கிறதோ அதுதான். கறாரான பல்கலைக்கழகம் பாதிப் படிப்பை என்னிடம் வந்து படி என்று சொல்லும். கறாரில்லாதது, நீ அங்கே படித்ததை அப்படியே ஏற்றுக்கொள்கிறேன், கட்டணத்தைக் கட்டு என்று சொல்ல இடமிருக்கிறது. சான்றிதழில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது.

வேடிக்கை என்னவென்றால், இரண்டு பட்டம் தருவதற்குத்தான் கட்டுப்பாடு கூடுதலாக இருக்க வேண்டும். விதியில் அது குறைவாக இருக்கிறது.

சல்லடை எதுவும் இல்லை என்று சொல்ல மாட்டேன். முன் அனுமதி இல்லாமல் இப்படிக் கூட்டுச் சேர, இந்திய நிறுவனம் நாக் மதிப்பீட்டில் 3.01 புள்ளியாவது வாங்கியிருக்க வேண்டும், அல்லது என்ஐஆர்எஃப் பல்கலைக்கழகப் பட்டியலில் முதல் நூறில் இருக்க வேண்டும், அல்லது சீர்மிகு நிறுவனமாக அறிவிக்கப்பட்டிருக்க வேண்டும். வெளிநாட்டு நிறுவனம் க்யூஎஸ் அல்லது டைம்ஸ் தரவரிசையில் முதல் ஆயிரத்துக்குள். உரிமம் மட்டும் வாங்கிக் கடை விரிக்கும் ஃபிரான்சைஸ் ஏற்பாட்டுக்குத் தடை. இணையவழிப் படிப்புக்கு இடமில்லை. எல்லாம் நல்லதுதான். ஆனால் இவை நிறுவனத்தைச் சலிக்கின்றன, படிப்பைச் சலிக்கவில்லை. ஆயிரத்துக்குள் இருக்கும் ஒரு பல்கலைக்கழகத்தின் எந்தத் துறை, யார் பாடம் எடுப்பது, யார் விடைத்தாள் திருத்துவது என்பதெல்லாம் அந்தச் சல்லடையில் தங்காது.

இரட்டைப் பட்டம் என்கிற ஏற்பாடு எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். 2004இல் ஐரோப்பிய ஒன்றியம் எராஸ்மஸ் முண்டுஸ் முதுகலைத் திட்டத்தைத் தொடங்கியது. பல நாட்டுப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து ஒரு பாடத்திட்டம் போடும். மாணவர் குறைந்தது இரண்டு நாட்டில் படிக்க வேண்டும். உதவித்தொகை வாங்குவோரில் இந்தியர்கள் பல வருஷமாக முன்வரிசையில் இருக்கிறார்கள். இப்போது அது மாதம் 1,400 யூரோ. இந்தத் திட்டத்தின் லட்சியம் ஒரே கூட்டுச் சான்றிதழ்தான். ஆனால் சில நாடுகளின் சட்டம், வேற்று நாட்டு நிறுவனத்தோடு சேர்ந்து ஒரே தாளில் கையெழுத்துப் போட இடம் தரவில்லை. சரி, ஆளுக்கொரு தாள் கொடுத்துவிடுவோம் என்று சமரசம் செய்துகொண்டார்கள். அதாவது அங்கே இரண்டு தாள் என்பது பல இடங்களில் சட்டச் சிக்கலுக்குக் கண்டுபிடித்த மாற்றுவழி. கப்பலேறி இங்கே வந்து இறங்கும்போது அதுவே உயர்ரகச் சரக்காகிவிட்டது!

இரண்டு தாளுக்கு நியாயமான தேவை இருக்கும் இடங்களும் உண்டு. பிரான்சில் பொறியாளர் பட்டம் சட்டப் பாதுகாப்புள்ள ஒன்று. அதை வழங்கும் பள்ளிகளுக்குத் தனி அங்கீகாரக் குழு இருக்கிறது. பிரெஞ்சு-ஜெர்மன் இரட்டைப் படிப்பில் சேரும் மாணவருக்கு அந்தப் பக்கம் ஒரு கதவு, இந்தப் பக்கம் ஒரு கதவு. இரண்டு சாவியும் வேண்டும். காலையில் எல்லை தாண்டி வேலைக்குப் போய் மாலையில் திரும்புகிற ஊர்களில் அது நிஜமான வசதி. துவாக்குடிக்கும் மான்செஸ்டருக்கும் நடுவில் அப்படி ஒரு போக்குவரத்து கிடையாது. இங்கே வேலை தேடுகிறவருக்கு இந்தியத் தாள் போதும். 2022 விதிப்படி வாங்கும் பட்டத்துக்குத் தனியாகச் சமநிலைச் சான்று வாங்க வேண்டியதும் இல்லை. அங்கே வேலை தேடுகிறவர் அந்த ஊர்த் தாளைக் காட்டுவார். இரண்டையும் ஒரே மேஜையில் வைக்கும் சந்தர்ப்பம் எனக்குத் தோன்றவில்லை. சுயவிவரத்தில் இரண்டு முதுகலை என்று போட்டுக்கொள்ளலாம். அதைப் படிப்பவர் வருஷங்களைக் கூட்டிப் பார்க்காதவரை.

சொல்லித்தருவது ஓரிடம், முத்திரை வேறிடம் என்பது திருச்சிக்குப் புதிதே இல்லை. 1857இல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகம் லண்டன் பல்கலைக்கழகத்தைப் பார்த்து அமைத்தது: பாடம் நடத்தாது, தேர்வு வைத்துப் பட்டம் தரும். 1844இல் நாகப்பட்டினத்தில் தொடங்கி 1883இல் இங்கே குடிவந்த செயின்ட் ஜோசப் கல்லூரியில் படித்தவர்கள் கையில் இருந்தது சென்னையின் சான்றிதழ். 1978இல் அக்கல்லூரிக்குத் தன்னாட்சி கிடைத்துப் பாடத்திட்டமும் தேர்வும் கல்லூரியின் கைக்கு வந்த பிறகும் பட்டத்தில் பல்கலைக்கழகத்தின் பெயர்தான். 1964இல் ஆரம்பித்த ஆர்.இ.சி.யைப் பாருங்கள். முதலில் சென்னைப் பல்கலைக்கழகப் பட்டம், 1982க்குப் பிறகு பாரதிதாசன், 2003இல் என்.ஐ.டி. ஆனதும் சொந்தப் பெயர். அதே வகுப்பறை, அதே லேப், தாளில் மட்டும் மூன்று பெயர். ஆள் எடுக்க வந்த கம்பெனிக்காரர்கள் மூன்று காலத்திலும் கல்லூரிப் பெயரைத்தான் பார்த்தார்கள். என் பி.இ. சான்றிதழிலும் பாரதிதாசன் முத்திரைதான் இருக்கிறது; அந்தக் கல்லூரி இன்று அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ் இருக்கிறது. யாரும் ஒரு நாளும் அதைப் பற்றிக் கேட்டதில்லை.

ஆனால் ஒரு வித்தியாசம். பழைய இணைப்பு முறையில் முத்திரை போட்டவர் குறைந்தபட்சம் கேள்வித்தாளைத் தயாரித்தார், விடைத்தாளைத் திருத்தினார். அந்த முறைக்கு ஆயிரம் குறை உண்டு (செமஸ்டர் முடிவு வரும் தாமதத்தைப் பற்றித் தனியாகவே எழுதலாம்). இருந்தாலும் முத்திரைக்குப் பின்னால் ஒரு வேலை நடந்தது. கூட்டுப் பட்டத்திலும் அது நடந்தாக வேண்டும்: ஒரே தாளில் இருவர் பெயர் வருவதால், உன் பக்கப் பாடம் சொத்தையாக இருந்தால் என் பெயரும் கெடும். அதனால்தான் பெரிய நிறுவனங்கள் கூட்டுப் பட்டத்துக்கு வருஷக்கணக்கில் பேச்சுவார்த்தை நடத்துகின்றன. 2023இல் ஐஐடி மெட்ராஸும் பர்மிங்காம் பல்கலைக்கழகமும் கூட்டு முதுகலையாகத்தான் தொடங்கின. இரட்டையில் ஒருவர் மற்றவருடைய கிரெடிட்டை ஏற்றுக்கொண்டு தன் தாளைத் தானே அச்சடித்துக்கொள்ளலாம். ஒரே கோடை இரண்டு ரெப்போவில் கமிட் செய்துவிட்டு இரண்டு புராஜெக்ட் முடித்தேன் என்றால் எங்கள் ஆபீஸில் சிரிப்பார்கள்.

இதெல்லாம் வெறும் கருத்துச் சண்டையாக இருந்தால் விட்டுவிடலாம். பணம் இருக்கிறது. வெளிநாட்டுப் படிப்புக்கான கடன் 7.5 லட்சத்தைத் தாண்டினால் வங்கிகள் பொதுவாக ஈடு கேட்கும். ஸ்ரீரங்கத்தில் பல வீடுகளுக்கு அடிமனைப் பிரச்சினை: மனை கோயிலுடையது என்ற உரிமைக் கோரலால் பத்திரப் பதிவு சிக்கலில் இருக்கிறது. தாத்தா கட்டின வீடு கண்ணெதிரே நிற்கும், அடமானம் வைக்க முடியாது. அப்புறம் நகை, அதிக வட்டிக்கு ஈடில்லாக் கடன், சித்தப்பாவின் கையெழுத்து. இவ்வளவும் செய்து வாங்கும் இரண்டாவது தாள் என்ன திறக்கும் என்று கேட்காமல் இருக்க முடியுமா?

பிரிட்டனில் படிப்பு முடித்தபின் வேலை தேடத் தங்கவைக்கும் கிராஜுவேட் விசாவை எடுத்துக்கொள்ளுங்கள். 12 மாதத்துக்கு மேற்பட்ட படிப்பு என்றால், பொதுவாக 12 மாதமாவது பிரிட்டனிலேயே மாணவராக இருந்திருக்க வேண்டும். அமெரிக்காவில் ஓபிடி வாங்கவும் ஒரு முழுக் கல்வியாண்டு அங்கே முழுநேர மாணவராக இருந்திருக்க வேண்டும். இரண்டு வருஷ இரட்டைப் படிப்பில் கடைசி ஆறு மாதம் மட்டும் லண்டனுக்கோ டெக்சாஸுக்கோ போகிறவருக்குப் பட்டம் வரும், வேலைக்கான கதவு அநேகமாகத் திறக்காது. குடிவரவு அதிகாரி தாளை எண்ணுவதில்லை, நாளை எண்ணுகிறார்.

அதே 2022 விதியில் முனைவர் பட்டத்துக்கான பகுதி எனக்குப் பிடித்திருக்கிறது. இரண்டு நிறுவனத்திலும் ஒரு நெறியாளர் இருக்க வேண்டும். இரண்டிலும் ஒரு செமஸ்டராவது இருந்து ஆய்வு செய்ய வேண்டும். ஆய்வேடு ஒன்றே ஒன்று. பிரெஞ்சுக்காரர்கள் கோட்யூட்டெல் என்று நடத்திவரும் முறையின் சாயல் இது. ஐஐடி பம்பாயும் ஆஸ்திரேலியாவின் மோனாஷும் 2008இல் ஆரம்பித்த ஆய்வு நிறுவனமும் இருபக்க நெறியாளர் என்ற அடிப்படையில்தான் ஓடுகிறது. இரண்டு பேராசிரியர்கள் ஒரே அத்தியாயத்தைப் படித்து இரண்டு விதமாகக் குறை சொல்வார்கள், மாணவர் நடுவில் அல்லாடுவார். அந்த அல்லாட்டம்தான் இரண்டாவது நிறுவனம் தருகிற உண்மையான படிப்பு.

முதுகலைக்கும் இதையே கேட்டால் என்ன? வெளிநாட்டுப் பக்கத்துக்கும் 30 சதவீதத் தரை. புராஜெக்டுக்கு இரண்டு பக்கத்திலும் ஒரு வழிகாட்டி. ஒரு வரி திருத்தம். அது வரும்வரை, சேரப்போகிறவர்கள் முன்பணம் கட்டுவதற்கு முன் மாதிரி மதிப்பெண் பட்டியல் ஒன்றைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். எந்தப் பாடம் எந்த ஊரில், எத்தனை கிரெடிட், தேர்வு வைப்பது யார், புராஜெக்டைத் திருத்துவது யார் என்று ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டு, வெளிநாட்டுப் பெயர் எத்தனை வரியில் வருகிறது என்று எண்ணுங்கள். மாதிரிப் பட்டியல் தர மாட்டோம், சேர்ந்த பிறகுதான் தருவோம் என்று சொன்னால், அந்த இரண்டாவது பட்டத்துக்குத் தனியாக எவ்வளவு வசூலிக்கிறார்கள் என்பதை மட்டும் கேட்டுவிட்டு எழுந்து வந்துவிடலாம்.