புரட்சிக் கதையும் வகுப்பறையும்: மூன்று அமெரிக்கச் சிறுவர் நாவல்கள்

தம் நாடு பிறந்த வரலாற்றைச் சிறுவர்க்குக் கற்பித்தல் எந்நாட்டு ஆசிரியர்க்கும் எளிதன்று. பதினொன்று முதல் பதினான்கு வயது வரையுள்ள மாணாக்கர் கதையை விரும்புவர்; ஆயின் அக்கதை மெய்தானா என வினவும் ஆற்றலும் அவ்வயதிலேதான் அரும்பத் தொடங்குகின்றது. ஐக்கிய அமெரிக்காவின் இடைநிலைப் பாடசாலைகள் பலவற்றில் குடியேற்ற காலம் முதல் உள்நாட்டுப் போர் வரையிலான வரலாறு இப்பருவத்திலேயே பயிற்றப்படுகின்றது. பாடநூல் வறண்டு தோன்றுமிடத்து ஆசிரியர் வரலாற்று நாவலை நாடுவது இயல்பே. அந்நாவல் மாணாக்கனுக்கு எதனைக் காட்டுகின்றது, எதனை மறைக்கின்றது என்பதே ஆராய்தற்குரியது.

கதையால் வரலாறு கற்பிக்கும் வழக்கம் அந்நாட்டிற் பழையது. வாஷிங்டனின் சரிதத்தை 1800இல் வெளியிட்ட மேசன் வீம்ஸ் என்னும் போதகர், 1806இல் வந்த பதிப்பிலே, சிறுவனான வாஷிங்டன் செரி மரத்தை வெட்டித் தந்தையிடம் உண்மையை ஒப்புக்கொண்டான் என்னும் கதையைச் சேர்த்தார். அதற்கு நம்பத்தக்க ஆதாரம் இல்லை. வாய்மையைப் புகட்டுதற்கு ஒரு புனைவு வேண்டியிருந்தது போலும்! 1861இல் வெளிவந்த லோங்பெலோவின் புகழ்பெற்ற கவிதையோ, போல் றெவியர் தனியனாகக் குதிரையேறிக் கொன்கோட் ஊர்வரை சென்று எச்சரித்தான் எனப் பாடிற்று. மெய்யாக நிகழ்ந்தது வேறு. வில்லியம் டோஸ் என்பவரும் அவ்விரவு தூது சென்றார். றெவியர் இடைவழியில் ஆங்கிலக் காவற்படையிடம் அகப்பட்டார். கொன்கோட்டை அடைந்தவர் சாமுவேல் பிறெஸ்கொற் என்னும் மருத்துவர்.

இவ்வுண்மைகளை நன்கறிந்தவர் எஸ்தர் போர்ப்ஸ். 1942இல் அவர் எழுதிய போல் றெவியர் வரலாறு மறு ஆண்டில் வரலாற்றுக்கான புலிற்சர் பரிசைப் பெற்றது. அவ்வாராய்ச்சியின் வளத்திலிருந்தே 1943இல் ‘ஜொனி ட்ரெமெயின்’ என்னும் நாவல் பிறந்தது. அஃது 1944இல் நியூபெரி பதக்கம் பெற்றது. பொஸ்டன் நகரிலே வெள்ளிவேலை பயிலும் அநாதைச் சிறுவன் ஜொனி. தன் கைத்திறத்திற் செருக்குற்ற அவன், ஜோன் ஹான்கொக் என்னும் செல்வருக்கு உரிய வெள்ளிக்கலத்தை முடிக்கும் ஆவலால், வேலை விலக்கப்பட்ட ஞாயிற்றுக்கிழமையிலே பட்டறையைத் திறக்கின்றான். பொறாமை கொண்ட உடன்பயில்வோன் வெடிப்புற்ற மூசையை எடுத்துக் கொடுக்கின்றான். உருகிய வெள்ளி வழிகின்றது. ஜொனியின் வலக்கை அதன்மேல் விழுகின்றது. ஓய்வுநாட் சட்டத்தை மீறியமை வெளிப்படுமே என்றஞ்சி வீட்டார் மருத்துவரை அழையாது மருத்துவிச்சியை அழைக்கின்றனர். பெருவிரல் உள்ளங்கையோடு ஒட்டிவிடுகின்றது. நூலின் மிகச் சிறந்த பகுதி இதுவே. பட்டறையின் வெப்பத்தையும், தொழிலாளர் படிநிலையையும், சமயக் கட்டுப்பாட்டின் கடுமையையும் எந்தப் பாடநூலும் இத்துணைத் தெளிவாகக் காட்டியதில்லை. மாணாக்கன் 1773ஆம் ஆண்டினைத் தன் கையாலேயே தொட்டுணர்கின்றான்.

பின்னர் ஜொனி கிளர்ச்சியாளரோடு சேர்கின்றான். 1773 டிசம்பர் 16ஆம் நாள் இரவு 342 தேயிலைப் பெட்டிகள் துறைமுகத்தில் எறியப்படுதலிற் பங்குகொள்கின்றான். (அது சீனத்துத் தேயிலை, ஈழத்தில் வாணிகத்துக்காகத் தேயிலை நடப்படுதற்கு இன்னும் 94 ஆண்டுகள் இருந்தன.) இவ்விடத்தில் ஆசிரியர் ஒன்று சொல்லல் வேண்டும். 1773ஆம் ஆண்டுத் தேயிலைச் சட்டம் விலையை உயர்த்தவில்லை, குறைக்கவே வழிசெய்தது. மக்கள் எதிர்த்தது விலையை அன்று, தம் இசைவின்றி வரிவிதிக்கும் உரிமையையும் கிழக்கிந்தியக் கம்பனியின் தனிச்சலுகையையும் ஆகும். இந்நுட்பம் விளங்காத மாணாக்கனுக்கு அவ்விரவு வெறும் குறும்புச் செயலாகவே எஞ்சும்.

போர்ப்ஸ் ஆங்கிலப் படைஞரை அரக்கராகத் தீட்டவில்லை என்பது பாராட்டற்குரியது. பட்டாளத்தை விட்டோடி ஒரு சிறு பண்ணை வைத்து வாழ விரும்பிய எளிய வீரன் ஒருவன் பிடிபட்டுச் சுடப்படும் காட்சி நெஞ்சை உருக்குவது. ஆயினும் நூலின் முடிவு ஐயத்துக்கிடமானது. 1775 ஏப்பிரில் 19ஆம் நாட் போரில் காயமுற்ற நண்பன் றாப் தன் துவக்கை ஜொனிக்கு அளித்து இறக்கின்றான். மருத்துவர் ஜோசப் வொறன், ஒட்டிய விரலை அறுத்துச் சீர்செய்யலாம் என்கின்றார். அக்கை மீண்டும் வெள்ளிவேலை செய்யுமா என்பது உறுதியில்லை. துவக்கைப் பிடிக்கும் என்பது உறுதி. ஜொனிக்கு அதுவே போதுமானதாயிருக்கின்றது. கலைக்கென்று பயின்ற கை போருக்கென்று குணமாவதை நூல் துயரமின்றி, ஏறத்தாழ வெற்றியாகவே சொல்கின்றது. 1943இல், உலகப் போரின் நடுவே, பிள்ளைகளைப் போருக்கு அனுப்பிய பெற்றோர் வாழ்ந்த நாட்டில், இந்நூல் வெளிவந்தது என்பதை மறந்து இம்முடிவைப் படித்தலாகாது. அம்மருத்துவர் வொறனே இரு மாதம் நிரம்புமுன், 1775 ஜூன் 17இல், பங்கர் குன்றுப் போரில் மாண்டார். கதை அதற்கு முன்னரே நின்றுவிடுகின்றது.

1974இல் வெளிவந்தது ‘என் அண்ணன் சாம் இறந்துவிட்டான்’ எனப் பொருள்படும் பெயருடைய நாவல். எழுத்தாளர் ஜேம்ஸ் லிங்கன் கொலியரும் அவர்தம் சகோதரரும் வரலாற்றாசிரியருமான கிறிஸ்தோபர் கொலியரும் சேர்ந்து எழுதியது. கனெற்றிகட்டின் றெடிங் ஊரிலே தவறணை நடத்தும் தந்தை, அரசரை எதிர்த்தல் தகாது என்னும் கொள்கையினர். மூத்த மகன் சாம் கல்லூரியை விட்டுத் தந்தையின் துவக்கை எடுத்துக்கொண்டு கிளர்ச்சிப் படையிற் சேர்கின்றான். இளையவன் ரிம் கதையைச் சொல்கின்றான். தந்தை ஆங்கிலேயரின் சிறைக்கப்பலில் இறக்கின்றார். ஈற்றில், தன் வீட்டு மாடுகளையே களவாடினான் என்னும் பொய்க் குற்றச்சாட்டின்பேரில், சாம் தன் படையினராலேயே சுட்டுக்கொல்லப்படுகின்றான். ஏனையோர்க்குப் பாடமாகட்டும் என்பதே தளபதி பட்னமின் எண்ணம். சாம் கற்பனை மாந்தன். ஆனால் 1778–79 குளிர்காலத்தில் பட்னமின் படை றெடிங்கிலே தங்கியதும், அங்கு இருவர்க்கு மரணதண்டனை நிறைவேற்றப்பட்டதும் வரலாறே. எது மெய், எது புனைவு எனப் பிரித்துக் காட்டும் குறிப்பு நூலிறுதியில் உண்டு. இவ்வகை நூல்கட்கு இது முன்மாதிரியாகத் தக்கது.

இரு நாவல்களையும் அடுத்தடுத்துப் படிப்போர்க்கு ஓர் ஒப்புமை புலனாகும். இரண்டிலும் ஓர் இளம்வீரன் தன் படையினராலேயே சுடப்படுகின்றான்; 1943ஆம் ஆண்டு நூலில் சுடுவது ஆங்கிலப் படை, 1974ஆம் ஆண்டு நூலில் அமெரிக்கப் படை. இடையில் நிகழ்ந்தது வியற்நாம் போர். பதினெட்டாம் நூற்றாண்டின் நிகழ்ச்சிகள் மாறவில்லை. அவற்றைச் சிறுவர்க்குச் சொல்வோரின் நெஞ்சமே மாறியது. இவ்வொப்புமையை மாணாக்கரே கண்டுகொள்ளுமாறு ஆசிரியர் வழிவிடுவாராயின், இரு நூல்களும் தனித்தனியே தரவியலாத பயிற்சியைச் சேர்ந்து தரும்.

கொலியர் சகோதரரின் நூல் குற்றமற்றதன்று. சாம் தன் கிளர்ச்சிக்குக் கூறும் காரணங்கள் மெலியன. தந்தையோடு அவன் புரியும் வாதங்கள் இருபதாம் நூற்றாண்டு வீட்டுச் சண்டையின் ஒலியுடையன. இந்நூலொன்றையே படித்தவனுக்கு, இத்துணைப் பேர் ஏன் போரிட்டனர் என்பதே விளங்காது. ஜொனியை இயக்கிய ஆர்வம் இங்கு ஒருவரிடத்தும் இல்லை. கொலையும் கடுஞ்சொல்லும் மிகுந்தன என்று கூறி, பாடசாலை நூலகங்களிலிருந்து இதனை அகற்றக் கோரியோர் பலர். 1990ஆம் ஆண்டுகளில் அவ்வாறு மிகுதியாக எதிர்க்கப்பட்ட நூல்களுள் இதுவும் ஒன்று. அவர்தம் அச்சம் பொருந்தாது. போரின் கொடுமையைச் சொல்லாது விடுதலே பெருந்தீங்கு. நூலின் உண்மையான குறை கொடுமையைச் சொன்னதன்று, காரணத்தைச் சொல்லாதது.

இவ்விரு நாவல்களிலும் கதையை நடத்துவோர் வெள்ளையரே. விடுதலை என்னும் சொல் ஓயாது ஒலித்த நகரங்களில் விலைக்கு வாங்கப்பட்ட மனிதரும் வாழ்ந்தனர். அவர்தம் பார்வையை நடுவில் நிறுத்தியது, லோரி ஹோல்ஸ் அன்டர்சன் 2008இல் வெளியிட்ட ‘செயின்ஸ்’, அதாவது சங்கிலிகள், என்னும் நாவல். இசபெல் என்னும் பதின்மூன்று வயது அடிமைச் சிறுமி, இறந்த தலைவியின் மரணசாதனப்படி விடுதலை பெறவேண்டியவள்; ஆயினும் தங்கையோடு 1776இல் நியூயோர்க்கிலுள்ள அரசசார்பினர் வீட்டுக்கு விற்கப்படுகின்றாள். கிளர்ச்சியாளர்க்கு அவள் ஒற்றுச் செய்தி கொணர்கின்றாள். அவர்கள் வாக்குத் தவறுகின்றனர். பின்பு ஆங்கிலேயரை நாடுகின்றாள். கிளர்ச்சியாளரின் அடிமைகட்கே தாம் புகலிடம் தருவதாகவும், அவளுடைய தலைவர் அரசர்க்கு விசுவாசமுடையவராதலின் அவள் திரும்பிச் செல்லவேண்டும் எனவும் அவர்கள் கூறிவிடுகின்றனர். 1775 நவம்பரில் வேர்ஜீனியாவின் ஆள்பதி டன்மோர் விடுத்த பிரகடனத்தின் உட்பொருளும் இதுவே. போர்த்தந்திரத்தை விடுதலை எனக் கொண்டோர் அடைந்த ஏமாற்றத்தை இவ்வொரு காட்சி முழுமையாக உணர்த்துகின்றது.

நடையில் ‘ஜொனி ட்ரெமெயின்’ நூலின் செறிவு இதற்கில்லை. நிகழ்ச்சிகள் சில இடங்களில் விரைந்தோடுகின்றன. ஆயினும் ஒவ்வோர் அதிகாரத்தின் தலைப்பிலும் அக்காலத்து ஆவணங்களிலிருந்து ஒரு சிறுபகுதி இடம்பெறுகின்றது. கற்பனைக்கும் சான்றுக்கும் இடையே மாணாக்கன் நாள்தோறும் சென்று வருதற்கு இஃது ஏற்ற வழி. அப்பகுதிகளைத் தாண்டிச் செல்லவிடாது, கதைக்கு முன் அவற்றையே வாசிக்கச் செய்தல் நன்று. வேறிடத்துக்கு அனுப்பப்பட்ட தங்கை முதல் நூலின் முடிவில் கிடைப்பதில்லை. இசபெல் ஆற்றைக் கடப்பதோடு கதை நின்றுவிடுகின்றது. 2010இலும் 2016இலும் வந்த தொடர்ச்சி நூல்களே அவளை 1781ஆம் ஆண்டின் யோர்க்டவுன் முற்றுகை வரை கொண்டு செல்கின்றன. முதல் நூலோடு பாடத்தை முடிக்கும் வகுப்பினர் அவ்விரண்டையும் நூலகத்தில் தேடிப் படித்தல் வேண்டும்.