ஆட்டநாயகி சீராதான்

1988 நவம்பர் 18 அன்று அமெரிக்கத் திரையரங்குகளில் இரண்டு கார்ட்டூன் படங்கள் மோதின. டிஸ்னியின் ‘ஆலிவர் அண்ட் கம்பெனி’ ஒருபக்கம். டிஸ்னியை விட்டு வெளியேறிய டான் புளூத் இயக்கிய ‘தி லேண்ட் பிஃபோர் டைம்’ மறுபக்கம். முதல் வார இறுதி வசூலில் புளூத்துக்கே முதலிடம். நமக்கு முக்கியம் அந்த ஆட்டமல்ல, படத்துக்குள் நடக்கும் ஆட்டம்.

அணியில் டைனோசர் காலத்துப் பொடிசுகள் ஐந்து. நீள்கழுத்து லிட்டில்ஃபுட் தலைவன். மூன்று கொம்பு இனத்துச் சீரா, நீச்சல்காரி டக்கி, இறக்கை இருந்தும் பறக்க நடுங்கும் பெட்ரி, வாய் திறந்தால் தின்ன மட்டுமே தெரிந்த ஸ்பைக். பசுமைப் பள்ளத்தாக்கைத் தேடிப் போகிறார்கள். எதிரணியில் ஒரே ஆள்: ஷார்ப்டூத் என்னும் டைரனோசரஸ்.

சீராவைத்தான் கவனிக்க வேண்டும். உடல்பலம் உண்டு, துணிச்சல் உண்டு, பந்தை யாருக்கும் தரமாட்டாள். மற்றவர்கள் ஒருவர்மேல் ஒருவர் ஏறி உயரத்து இலைகளைப் பறிக்க, தனியாகவே முயன்று தோற்கிறாள். செத்துக் கிடக்கிறான் என்று நம்பி ஷார்ப்டூத்தை முட்டி, மயக்கத்தில் இருந்தவனை எழுப்பிவிட்டவளும் அவள்தான். பிறகு சுலபமான வழி என்று அணியையே பிரித்துக்கொண்டு போகிறாள். விளைவு, டக்கியும் ஸ்பைக்கும் எரிமலைக் குழம்பின் நடுவே, பெட்ரி தார்க் குட்டையில். மீட்டது லிட்டில்ஃபுட். வெட்கம் தாளாமல் சீரா விலகிப் போகிறாள்.

கடைசி மோதலுக்கு வருவோம். லிட்டில்ஃபுட் வகுத்த வியூகம் சுத்தமானது: டக்கி ஆசை காட்டி ஷார்ப்டூத்தை ஆழமான நீருக்கு இழுக்க வேண்டும், பெட்ரி மேலிருந்து சீழ்க்கை அடிக்க வேண்டும், லிட்டில்ஃபுட்டும் ஸ்பைக்கும் பாறையை உருட்ட வேண்டும். தனக்கு வராத வேலை யார் தலையிலும் கட்டப்படவில்லை. பேச்சே வராத ஸ்பைக்குக்கும் தன் எடையைக் கொடுக்க ஓர் இடம் இருக்கிறது. ‘ஒற்றுமை’ என்று உபதேசிக்கும் எத்தனையோ சிறுவர் படங்களில் எல்லோரும் கட்டிப்பிடித்துக்கொண்டதும் வெற்றி வந்துவிடும். இங்கே வேலைப் பங்கீடு இருக்கிறது.

ஆனாலும் பாறை அசையவில்லை. ஷார்ப்டூத் அதன்மீதே பாய்கிறான். அப்போது திரும்பி வந்து தன் தலையைக் கொடுக்கிறாள் சீரா. முன்பு ஷார்ப்டூத்தை எழுப்பி ஆபத்தைக் கொண்டுவந்த அதே முட்டுதான். இப்போது இரண்டு பேர் ஏற்கெனவே தள்ளிக்கொண்டிருக்கும் பாறைக்கு அது கூடுதல் பலம். பாறையோடு ஷார்ப்டூத்தும் நீரில். என் கணக்கில் ஆட்டநாயகி அவள்தான்.

பின்னால் வந்த 13 தொடர்ச்சிப் படங்களில் இந்த விறுவிறுப்பு இல்லாததற்குக் காரணம் எளிது. அங்கே அணி முன்பே சேர்ந்துவிட்டது. நடுநடுவே பாட்டு வேறு.

தலைவனுக்கும் ஒரு குறை சொல்லத்தான் வேண்டும். பாறை நகராவிட்டால் என்ன செய்வது என்று அவன் யோசிக்கவே இல்லை. சீரா வருவாள் என்பது அவன் வியூகத்தில் எங்கும் கிடையாது.