கண்கட்டும் கலையும்

ஓகே கோ என்ற அமெரிக்கப் பாட்டுக் கோஷ்டியார் 2014இல் வெளியிட்ட ‘தி ரைட்டிங்ஸ் ஆன் தி வால்’ பாட்டுப் படத்தை வெறும் கண்கட்டு வித்தை என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை.

கத்தரிக்கோல் படாத ஒரே ஓட்டம். தட்டுமுட்டுச் சாமான்களும் வர்ணம் தீட்டிய சுவர்களும் ஒரு கணம் கூடி உருவமாகின்றன; காமிரா சற்றே நகர்ந்தால் சிதறிவிடுகின்றன. கம்ப்யூட்டரில் வரைந்த ஜாலமல்ல இது. ஆனாலும் சிறந்த காட்சி ஜாலத்துக்கான பரிசை எம்.டி.வி. அந்த ஆண்டு இதற்குத்தான் கொடுத்தது! ஒருவர் அரை விநாடி பிந்தினாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். ஆகவே ஒத்திகைதான் இவர்களுக்குக் கத்தரிக்கோல். பிழைகளைப் படம் பிடிக்குமுன்பே வெட்டியாக வேண்டும்.

உழைப்பு மட்டும் கலையாகிவிடாது என்பதும் உண்மைதான். 2006இல் இவர்கள் டிரெட்மில்களின்மேல் ஆடிய ஆட்டமும் ஒரே ஓட்டந்தான். சாமர்த்தியம் அபாரம்; அதற்குமேல் ஒன்றுமில்லை. இங்கே பாட்டு, ஒருவரையொருவர் புரிந்துகொள்ள முடியாமல் பிரிகிற காதலரைப் பற்றியது. பார்வை நிற்கிற இடத்தைப் பொறுத்தது என்பதைச் சுவரும் சாமானுமே சொல்லிவிடுகின்றன. ரகசியம் தெரிந்த பிறகும் மறுபடி பார்க்கத் தோன்றுவது அதனால்தான்.