அண்ணன்மார் கதையில் இளமைச் செருக்கும் முதுமைத் தேர்ச்சியும்

இளமையைச் செருக்கோடும் முதுமையை அறிவோடும் இணைத்துக் காண்பது திறனாய்வாளர் பலரிடம் நிலைத்துவிட்ட வழக்கம். கதைமாந்தருள் விரைபவன் இளையோன், தடுத்துரைப்பவன் முதியோன், விரைந்தவன் வீழ்வான், தடுத்தவன் சொல் மெய்யாகும். இந்த வாய்பாடு எக்கதைக்கும் பொருந்துவதுபோலத் தோன்றும். கொங்கு நாட்டு அண்ணன்மார் கதையையும் இவ்வாறே காண்பது எளிது. தம்பி சங்கர் இளமைத் துடிப்பின் உருவம் என்றும், அண்ணன் பொன்னர் முதிர்ந்த அமைதியின் உருவம் என்றும் கூறிவிடலாம். நாமும் ஒருகால் அவ்வாறே எழுதினோம். அக்கூற்றுக் கதைக்குப் பொருந்துவதுதானா என்பதை மீள ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சங்கப் பாடல் தரும் அளவுகோல்

இளமைச் செருக்கு என்பது யாது என்று வரையறுத்துக்கொள்ளாமல் ஒரு கதையுள் அதனைத் தேடுதல் இயலாது. அவ்வரையறைக்குப் புறநானூறு நமக்குத் துணைசெய்கின்றது. தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியன் இளமையிலேயே அரசேற்றவன். வேந்தர் இருவரும் வேளிர் ஐவரும் ஒன்றுகூடி அவன்மேல் வந்தனர். அவனை இளையன் என்று எள்ளினர். தம் படைப்பெருமையைப் பேசினர். அது கேட்டுச் சினந்து அவன் கூறிய வஞ்சினம் 72ஆம் பாட்டாக உள்ளது.

இவ்வஞ்சினத்துள் ஓர் உறுப்பு ஊன்றி நோக்கத்தக்கது. பகைவரை வெல்லேனாயின் என்னென்ன பழி தன்னைச் சாரட்டும் என்று அடுக்கிக் கூறும் அரசன், மாங்குடி மருதனைத் தலைவனாகக் கொண்ட புலவர்கள் தன் நாட்டைப் பாடாது நீங்குக என்றும் கூறுகின்றான். வெற்றி உறுதி என்று நம்பும் இளைஞன் தன் செயலை மதிப்பிடும் உரிமையைக் கேள்வியிற் சிறந்த புலவன் கையில் ஒப்படைக்கின்றான். அப்புலவன் பின்னர் அவனை நோக்கிப் பாடியதே 782 அடிகளையுடைய மதுரைக்காஞ்சி. உலகாண்டு மறைந்த வேந்தர் கடற்கரை மணலினும் பலர் என்று, வெற்றி பெற்றவனுக்கே நிலையாமையை நினைவூட்டும் பாட்டு அது.

இடைக்குன்றூர் கிழார் இவனைப் பாடிய 77ஆம் பாட்டு மற்றொரு குறிப்பைத் தருகின்றது. ஐம்படைத் தாலி கழற்றப்பெறாத சிறுவனாக அவனைக் காட்டும் புலவர், எதிர்த்து வந்தவரை அவன் வியக்கவுமில்லை, இழித்துரைக்கவுமில்லை என்கின்றார். வென்றபின் மகிழ்ந்து தருக்கவுமில்லை என்கின்றார். இளையோன் ஒருவனின் நம்பிக்கை செருக்கு ஆகாமைக்கு இரண்டு அடையாளங்களை இவற்றால் பெறுகின்றோம். எதிரில் உள்ளதை எள்ளாமை ஒன்று. தன்னினும் தேர்ந்தார் மதிப்பீட்டிற்குத் தன்னை உட்படுத்துதல் மற்றொன்று. தலையாலங்கானத்தில் இவ்விரண்டும் இளையவனிடம் இருந்தன. ஆண்டு மூத்த பகைவரிடம் இல்லை. ஆதலின் செருக்கினைக் காட்டுவது ஆண்டுக் கணக்கு என்பது சங்கப் புலவர்க்கு உடன்பாடன்று என்பது தெளிவு.

கதையும் அதன் களமும்

இவ்வளவுகோலைக் கொண்டு அண்ணன்மார் கதையை நோக்குவோம். குன்னுடையான் கதை என்றும் வழங்கும் இது கொங்கு நாட்டில் உடுக்கைப் பாட்டாகப் பல இரவுகள் தொடர்ந்து பாடப்படுவது. கவிஞர் சக்திக்கனல் இதனைப் பதிப்பித்து உதவினார். காங்கேயத்தை அடுத்த ஓலப்பாளையத்தில் 1960களில் தங்கி ஆராய்ந்த பிரெண்டா பெக் அம்மையார், பாடுவோர் வாயினின்றே இதனைப் பதிவு செய்து, 1982இல் ‘தி த்ரீ ட்வின்ஸ்’ என்னும் நூலை வெளியிட்டார். பாடுவோர்தோறும் கதைக்கூறுகள் சிறிது வேறுபடும். ஈண்டு எடுத்தாளும் நிகழ்ச்சிகள் ஓலப்பாளையப் பதிவினைத் தழுவியவை.

குன்னுடையானுக்கும் தாமரைக்கும் நெடுநாள் தவத்தின் பயனாகப் பிறந்தவர்கள் பொன்னரும் சங்கரும். அவர்தம் தங்கை அருக்காணித் தங்காள். பிறப்பின்போதே அண்ணன்மார்க்குப் பதினாறு ஆண்டே வாழ்நாள் என்று விதிக்கப்படுகின்றது. வளநாட்டை ஆளும் அவர்கள் வேட்டுவரோடு பகைத்து, இறுதியில் படுகளத்தில் மாள்கின்றனர். கதையின் சுருக்கம் இதுவே.

தாராபுரம் வட்டத்துக் குண்டடம் நம் ஊர். அதனைச் சூழ்ந்த சிற்றூர்களில் இப்பாட்டை நாம் இளமை முதற் கேட்டு வந்திருக்கின்றோம். அங்கே மானாவாரி நிலத்தை நம்பி வாழ்ந்த முதியவர்களும், திருப்பூர்ப் பனியன் ஆலைகளில் வேலை முடித்து இரவில் ஊர் திரும்பும் இளைஞர்களும் ஒரே பாயில் அமர்ந்து கேட்பர். சங்கர் வாளெடுக்கும் இடத்தில் இளைஞர் ஆரவாரிப்பர். முதியவர் ஆரவாரிப்பதில்லை, தோளில் கிடக்கும் துண்டை எடுத்து மடிமேல் வைத்துக்கொள்வர். அழவேண்டிய இடம் வரும் என்பது அவர்கட்குத் தெரியும். ஒரே பாட்டை இரு பருவத்தார் இருவகையாகக் கேட்கும் இக்காட்சியை நாம் அக்காலத்தில் பொருட்படுத்தவில்லை.

பொன்னர் முதிர்ச்சியின் உருவமா?

பொன்னர் அண்ணனே எனினும், இருவரும் ஒரே வேளையில் பிறந்த இரட்டையர். இவருள் ஒருவர்க்கு மட்டும் ஆண்டு முதிர்ச்சி கூறுதல் இயலாது. பொன்னரிடம் காணப்படுவது இயல்பான மென்மை. அம்மென்மை தேர்ச்சியாகாது என்பதைக் கதையே காட்டுகின்றது. வேட்டுவர் சார்பில் வரும் ஆசாரி ஒருவன் அளவைக் கலம் ஒன்றைக் காட்டிச் சூழ்ச்சி செய்யும்போது பொன்னர் அவனை நம்பிவிடுகின்றார். சினவாமை வேறு, ஆராய்தல் வேறு. பொன்னரை முதியோர்க்குப் பகரமாக நிறுத்தும் திறனாய்வு இந்நிகழ்ச்சியை விளக்கமாட்டாது.

சங்கரிடமும் வெறும் விரைவைக் காண்பது குறைபட்ட நோக்கே. போரில் அவரை நேர்நின்று வென்றவர் எவருமிலர். முடிவுக்குறி கண்டபின் தம் வாளின்மேல் தாமே வீழ்ந்து மாள்கின்றார். அஃதறிந்த பொன்னரும் அவ்வாறே மாள்கின்றார். அவருடைய நம்பிக்கைக்கு ஆற்றல் என்னும் அடிப்படை இருந்தது. ஆயின் அந்நம்பிக்கை எவ்விடத்தில் செருக்காகத் திரிந்தது? அவ்விடத்தைக் கதை மிக நுட்பமாகச் சுட்டுகின்றது. பொன்னாச்சி நிகழ்ச்சியே அது.

பொன்னாச்சி

வேட்டுவர் பக்கத்துக் கொம்பன் என்னும் பெரும்பன்றி வளநாட்டின் விளைநிலத்தை அழிக்கின்றது. அதனை வேட்டையாட அண்ணன்மார் படையோடும் வேட்டை நாய்களோடும் புறப்படுகின்றனர். வீட்டில் வளரும் பொன்னாச்சி என்னும் சின்னஞ்சிறு பெண்நாயை எவரும் அழைக்கவில்லை. அது சினங்கொள்கின்றது. அதன் சினத்தால் வேட்டைக்குச் சென்றோர் நோயுற்றுத் தளர்கின்றனர். பொன்னாச்சியை வேண்டி வரவழைத்த பின்னரே நிலைமை மாறுகின்றது. அது பன்றியைக் கடித்து நிலைகுலையச் செய்கின்றது. அதன் பின்னரே சங்கரால் கொம்பனை வீழ்த்த முடிகின்றது.

முனைவர் பட்டத்திற்கு ஆய்ந்த நாளில் இப்பகுதியை நாம் இடைச்செருகல் என்று ஒதுக்கினோம். நகைச்சுவை மிகுந்திருத்தல், நடை தாழ்தல், வீரர் பெருமை குன்றுதல் என மூன்று காரணங்களும் காட்டினோம். அவ்வேளையில் முதுபாடகர் ஒருவரிடம் இக்கருத்தைப் பெருமையோடு கூறினோம். எழுத்தறிவு குறைந்த அப்பெரியவர் சினக்கவில்லை. “அந்த நாயெ எடுத்துப்போட்டா கொம்பன ஆரு கண்ணு கொல்றது?” என்று கேட்டார். நாம் விடைகூறாது நின்றோம். பின்னர், “சின்னண்ணஞ்சாமி நெனச்ச மாதரயே நீயும் நெனச்சுப்போட்டயே” என்று சொல்லி உடுக்கையை எடுத்துத் துடைக்கலானார்.

அச்சொல்லின் பொருள் நமக்கு அன்று விளங்கவில்லை. கதையின் நிகழ்ச்சித் தொடர்பு கெடும் என்று மட்டுமே அவர் கூறியதாகக் கொண்டு, ஆய்வேட்டில் நம் கருத்தை மாற்றாமலே விட்டோம். ஆண்டு பல கழிந்து, அதே பகுதியை மாணவர்க்குப் பாடஞ் சொல்லும்போதுதான் உண்மை புலனாயிற்று. சிறிது என்று எள்ளி ஒதுக்குவதே அண்ணன்மார் செய்த பிழை. அப்பிழையைக் காட்டும் பகுதியையே சிறிது என்று எள்ளி ஒதுக்கியது நாம் செய்த பிழை. நாம் காட்டிய மூன்று காரணங்களும் அப்பகுதி கதையின் கருப்பொருள் என்பதற்குச் சான்றுகளாகவே அமைகின்றன. வீரர் பெருமை குன்றவேண்டும் என்பதற்காகவே அது பாடப்பட்டது. இளைஞர் உரக்க நகைக்கும் அவ்விடத்தில் முதியவர் தலையசைத்து அமைதியாக முறுவலித்ததன் காரணமும் அன்றுதான் நமக்கு விளங்கிற்று.

தங்காள் பெற்ற அறிவு

நெடுஞ்செழியனுக்கு மருதனார் இருந்தார். அண்ணன்மார் செயலுக்கு அளவு கூறும் முதுபுலவர் ஒருவர் இக்கதையுள் இல்லை. அவ்விடத்தை நிரப்புபவள் தங்காள். அவளும் தொடக்கத்திலேயே அறிவு முதிர்ந்தவளாகப் படைக்கப்படவில்லை என்பது கருதத்தக்கது. விளையாட்டு விருப்பால் அவள் கிளி வேண்டும் என்று கேட்க, அண்ணன்மார் வேட்டுவர் காட்டிலிருந்து கிளியைக் கொணர்கின்றனர். பகை அதனால் முற்றுகின்றது. தான் கேட்ட சிறுபொருளின் பெருவிளைவைக் கண்டவள் அவள். தீக்கனாக் கண்டு அஞ்சி அண்ணன்மாரைத் தடுப்பவளும் அவளே. அவர்கள் கேட்கவில்லை. இறுதியில் படுகளம் தேடிச் சென்று, அண்ணன்மாரைச் சிறிது பொழுது உயிர்ப்பித்துப் பேசி, மீண்டும் அவர்களை இழந்து புலம்புபவளும் அவளே.

மூவருள் இளையவள் தங்காள். எனினும் மூவருள் பட்டறிவு பெற்றவள் அவள் ஒருத்தியே. தன் செயலின் விளைவைக் காணும்வரை உயிர்வாழ்ந்தமையே அதற்குக் காரணம். முதுமையின் சிறப்பு யாது என்னும் வினாவிற்கு இக்கதை தரும் விடை இதுவே எனலாம். ஆண்டுகள் தாமே அறிவைத் தருவதில்லை. விளைவைக் கண்டு, அதனைத் தன்னுடையது என்று ஏற்பதற்கு வேண்டிய கால இடத்தைத் தருகின்றன. அவ்விடத்தைப் பயன்கொள்ளாத முதியவன் தலையாலங்கானத்துப் பகைவரைப் போல எள்ளிக்கொண்டேயிருப்பான்.

படுகளம் எழுதல்

பதினாறு ஆண்டில் முடிந்த அண்ணன்மார்க்கு அக்கால இடம் வாய்க்கவில்லை. ஆகவே அவர்கள் பெறாத தேர்ச்சியைக் கதை வேறொருவர்க்கு வழங்குகின்றது. அவர் யாவர் என்பதைச் சடங்கு காட்டும். அண்ணன்மார் கோயில் விழாக்களில் படுகளம் என்னும் நிகழ்ச்சி நடைபெறும். ஊர் இளைஞர் அருள்வந்து, மாண்டவராய்க் களத்தில் வீழ்வர். பின்னர் நீர் தெளித்து எழுப்பப்படுவர். கதையில் எழுந்தவர் மீண்டும் மாண்டனர். சடங்கில் எழுந்தவர் வீடு திரும்புகின்றனர். சங்கருக்குக் கிட்டாத மறுவாழ்வு அவரைப் போல வீழ்ந்த இளைஞனுக்குக் கிட்டுகின்றது. அவன் மறுநாள் ஆலைக்குச் செல்வான். அடுத்த ஆண்டு மீண்டும் பாட்டுக் கேட்க வருவான். பல்லாண்டு கழித்து ஓரிரவில், வாளெடுக்கும் இடத்தில் ஆரவாரிக்காமல் துண்டை எடுத்து மடிமேல் வைத்துக்கொள்வான்.

ஆதலின் அண்ணன்மார் கதையை இளமையைப் பழிக்கும் கதை என்றல் பொருந்தாது. எள்ளலையே அது பழிக்கின்றது. பொன்னாச்சியை ஒதுக்கும் எப்பதிப்பும் எவ்வாய்வும் கதையின் உயிர்நிலையை இழந்துவிடும் என்பது நம் துணிபு. நம் பழைய ஆய்வேட்டின் அப்பகுதியை இக்கட்டுரையால் திருத்திக்கொள்கின்றோம். உடுக்கையைத் துடைத்துக்கொண்டிருந்த பெரியவர் இன்று இல்லை. அவர் கேட்ட வினாவிற்கு உரிய விடையைக் காலந்தாழ்த்தேனும் இங்கே எழுதி வைக்கின்றோம்.