இணையமும் நம் எழுத்தும்

இணையம் ஆங்கில பாஷைக்கே உரிய வீடு என்று ஒரு காலத்தில் நம்மவரிற் பலர் எண்ணியிருந்தனர். அவ்வெண்ணம் பொய்த்தது. சீனரும் ஜப்பானியரும் அரபியரும் தத்தம் மொழியிலேயே அங்கு எழுதுகின்றனர். தமிழும் அங்கு இடம்பெற்றுவிட்டது. அவ்விடம் பிறர் இரங்கி ஈந்ததன்று. நம்மவர் உழைத்துப் பெற்றதாகும்.

சிங்கப்பூர் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி 1995ஆம் ஆண்டிலேயே தமிழ்க் கவிதைகளை இணையத்தில் ஏற்றினார். மலேசியரான முத்து நெடுமாறன் கணினிக்கு ‘முரசு அஞ்சல்’, கைப்பேசிக்குச் ‘செல்லினம்’ என்னும் மென்பொருள்களை ஆக்கியளித்தார். முன்னர் ஒருவர் ஓர் எழுத்துருவில் எழுதியது மற்றொருவர் கணினியில் வெறுங் கிறுக்கலாய்த் தோன்றும். எழுத்துக் குறிகளுக்கு உலகெங்கும் பொதுவான எண்களை வகுத்த யூனிக்கோடு பரவியபின் அக்குறையும் நீங்கிற்று.

ஆயின் நாம் செய்வது யாது? ஆங்கிலப் பள்ளியிற் பயின்று தோட்டக் காரியாலயத்தில் கணக்கெழுதும் நாமும், நம்மையொத்த பலரும், தமிழில் நினைத்து அதனை ஆங்கில எழுத்தில் தட்டி அனுப்புகிறோம். விரைவுக்காக என்கிறோம். இது வீண் சமாதானம். ஆங்கில எழுத்தை ஒலிக்கேற்பத் தட்டினாலே தமிழெழுத்துத் தோன்றும் வசதி நம் கைப்பேசியிலேயே உண்டு.

நாம் அவ்வாறு எழுதுவதன் தரத்தைச் சிறிது ஆராய்வோம். மனமும் மணமும் அங்கே ஒன்று. வலியும் வளியும் ஒன்று. அறமும் அரமும் ஒன்று. குறிலும் நெடிலும் எழுதுவோர் மனம்போல் மாறும். நாலு வரிச் செய்திக்கு இது போதும் என்பர். இதே பழக்கத்தில் வளரும் பிள்ளை நாளை ஒரு கதையையோ கட்டுரையையோ எவ்வெழுத்தில் எழுதும்? 1935இல் பெரியார் எழுத்தைச் சீர்திருத்தியது அச்சிடுவோர்க்கும் கற்போர்க்கும் அதனை எளிதாக்கவேயன்றி, அதைக் கைவிடுவதற்கன்று.

நம் அன்னையார் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாண்டு படித்தவர். பத்திரிகையைத் தடையின்றி வாசிப்பவர். நாம் அனுப்பிய செய்தியைப் படிக்க முடியாமல், அண்டை வீட்டுச் சிறுவனிடம் கைப்பேசியை நீட்டி, “தம்பி, மகன் என்ன எழுதியிருக்கிறான்?” என்று அவர் கேட்டதைப் பிறகு அறிந்தோம். தமிழ் தெரிந்த தாய்க்குத் தமிழ் மகன் எழுதியதற்கு மூன்றாமவர் பொருள் சொல்லவேண்டியதாயிற்று! இவ்விழிவைச் செய்தது எந்த அன்னியனுமல்லன், நாமே.

ஆகவே வாசக நண்பர்களே, இன்று வீட்டுக்கு அனுப்பும் செய்தியைத் தமிழெழுத்தில் எழுதுங்கள். பிழை வருமே என்று அஞ்ச வேண்டா, எழுதஎழுதத் திருந்தும். நாமும் சென்ற வாரம் தொடங்கினோம். பிழைகள் பல இருந்தன. ஆயினும் அன்னையார் தாமே படித்துவிட்டார்.