கோப்பு இருக்கு, எழுத்து எங்கே?

‘சி-யை மட்டும்தான் ஃபார்மட் பண்ணுவோம் அண்ணாச்சி, டி-ல கை வைக்க மாட்டோம்.’

2025 அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு முடிந்ததும், விண்டோஸ் 11 போடப் போன நாகர்கோவில் நண்பருக்குக் கடையில் தந்த உத்தரவாதம். சொன்னபடியே செய்தார்கள். அப்பா இருபது வருஷம் முன்பு டைப் செய்த நாஞ்சில் நாட்டுப் பழமொழிகள் டி-யில் பத்திரம். திறந்தால், அத்தனையும் ஐரோப்பிய எழுத்துக் கிறுக்கல்! யூனிகோடுக்கு முந்தைய அந்தத் தமிழ் ஃபான்ட், சி-யில் விண்டோஸ் ஃபோல்டரோடு போய்விட்டது.

கோப்பைக் காப்பாற்றி மொழியைத் தொலைப்பது என்ன சேவை?

நீங்கள் மாற்றுமுன் ஃபான்ட்களையும் வெளி டிஸ்க்கில் காப்பி எடுங்கள். டெஸ்க்டாப்பில் கிடப்பதும் பெரும்பாலும் சி-தான், மறக்காதீர்கள். அப்புறம் முதல் வேலை, யூனிகோடு.

நண்பர் தப்பித்தார். அப்பாவின் அலமாரியில், பழைய சிடி ஒன்றில் அந்த ஃபான்ட் இருந்தது.